தண்ணீர் எதுவரை வந்தது

மைக் கத்தினால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்க, அது 'கீய்ய்' என்று வீறிட்டது. பந்தியில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் இலையிலிருந்து கையை எடுத்து, தலையில் போட்டுக்கொள்ள முந்தானையைத் தேடினேன். பக்கத்தில் இருந்த தோழி, "என்னாடி, யாரு வராங்க?" என்றாள். யாரும் வரவில்லை. என் அப்பா சாட்சி சொல்லப் போகிறார் என்று உடம்பு நினைத்துக்கொண்டது. உடம்புக்குக் காலண்டர் தெரியாது.

காதோரம் வெள்ளை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரர்களே, கடலூரில் என்னோடு ஞாயிறு பள்ளியில் பாய் விரித்து உட்கார்ந்தவர்களே, உங்களுக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டம். கொசுவர்த்தி வாசனை, மல்லிகைப்பூ வாசனை, யாரோ சட்டையில் தெளித்துவந்த பவுடர் வாசனை. பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி வேளை வரும். அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்ததை யாரும் எழுந்து சொல்லலாம். ஒரு டீச்சரம்மா தொலைந்த சாவி கிடைத்ததைச் சொல்வார். தையல்கார மாமா தன் மூலநோய் சரியானதைச் சொல்ல, பெண்கள் பக்கம் சிரிப்பை அடக்கும் இருமல் கிளம்பும். கடைசியில் மைக் கத்தும். அப்பா எழுந்திருப்பார்.

அப்பா கரண்ட் ஆபீஸில் போர்மேன். பகலெல்லாம் கம்பத்து மேலே இருக்கிற ஆளுக்குக் கீழேயிருந்து கத்திச் சொல்லிப் பழகிய குரல். அவருக்கு மைக்கே தேவையில்லை. ஆனாலும் வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வார். அதனால்தான் அது கத்தும்.

"அன்னைக்கு ஞாயித்துக்கெழம. நான் கர்த்தருடைய ஆலயத்துல இருந்தேன். கடல் ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு ஒரே சத்தம். என் தங்கச்சி தேவனாம்பட்டினத்துல இருக்கா! வழி தப்பிப் போனவ! எனக்குக் காலு நிக்கல. ஓடுறேன். தண்ணி இடுப்பளவு..."

அந்த 'இடுப்பளவு' வரும்போது என் உள்ளங்கை வேர்த்துவிடும். பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல்லில் நான் இதை நடித்தே காட்டியிருக்கிறேன். நான் அப்பா, பெஞ்சு கடல். அவ்வளவு பெருமை.

அந்தச் சாட்சியில் வருகிற தங்கச்சி என் அத்தை. பெண்கள் பக்கம், தூண் ஓரமாக, என் தோளை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். தலை குனிந்தே இருக்கும். அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கிட்ட இருந்த எனக்குத்தான் தெரியும், அவள் பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

அத்தை தேவனாம்பட்டினத்து மாமாவைத் தானே தேடிக் கட்டிக்கொண்டவள். மாமா படகுக்காரர். எங்கள் வேதமில்லை, கிறிஸ்தவரல்ல. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அப்பா அவளை வீட்டுக்கு அழைக்கவில்லை. அம்மா மட்டும் மீன் வாங்கப் போகிற சாக்கில் அவளைப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டில் மீன் குழம்பு அடிக்கடி கொதித்தது. அப்பா சப்புக்கொட்டிச் சாப்பிட்டாரே தவிர, இத்தனை மீன் எதற்கு என்று கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

சுனாமி வந்த அன்று வானம் கறுத்திருந்தது என்று எழுத வருகிறது. இல்லை. நல்ல வெயில். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வாசலில் காகித நட்சத்திரம் அப்படியே தொங்கியது. அப்பா ஆராதனைக்குப் போயிருந்தார். எனக்குக் காய்ச்சல், அம்மா என்னோடு இருந்தாள். தெருவில் ஜனங்கள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் குல்லா போட்ட ஒரு பாய், லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். பின்னால் அத்தை. அவள் சேலை நனையவே இல்லை. கையில் பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை. அதைப் பிடித்த பிடியை அவளால் விட முடியவில்லை. அம்மா ஒவ்வொரு விரலாக விரித்துத்தான் வாங்கினாள். உள்ளே தாமரை இலையில் மடித்த ஆட்டுக்கறி. இரண்டு நாள் கழித்து நாற்றம் வந்தபோதுதான் அம்மா ஞாபகம் வந்து அதை எடுத்துக் கொல்லையில் புதைத்தாள். கூடையைக் கழுவி ஆணியில் மாட்டினாள். அப்புறம் அது எங்கேயோ போய்விட்டது.

அப்பா அதற்கு அப்புறம் ஓடினார். ஓடியது உண்மை. சில நாள் தேடி, மாமாவின் உடலை அடையாளம் சொன்னதும் அவர்தான். மாமாவின் அடக்கம் முடிந்து வந்து அத்தையிடம், "இனிமே இதுதான் உன் வீடு" என்றார். அதுவும் உண்மை.

பிறகுதான் சாட்சி தொடங்கியது. முதல்முறை அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை. "தங்கச்சி பொழச்சா, தோத்திரம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். சபையே அழுதது. அடுத்த முறை கணுக்காலளவு தண்ணீரில் நடந்தார். ஈஸ்டருக்கு முழங்கால். யாரும் பொய் சொல்லவில்லை, தெரியுமா? அப்படித்தான் அது. கேட்பவர்கள் "ஐயோ" என்கிற இடத்தில் நாக்கு கொஞ்சம் நின்று ருசி பார்க்கும். அடுத்த தடவை அந்த இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. பாயும் டிவிஎஸ்ஸும் எந்த வாரத்தில் மூழ்கிப் போனார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

முடிக்கும்போது மாமாவைப் பற்றியும் அத்தையைப் பற்றியும் அப்பா சொல்கிற வரி ஒன்று உண்டு. "கூப்பிட்ட குரலுக்கு வராதவனைக் கடல் எடுத்துக்கிச்சு. வழி தப்பினவளைக் கர்த்தர் எடுத்துக்கிட்டாரு." கூட்டம் ஆமென் என்று முழங்கும். அத்தையின் விரலில் ஒரு கோரை முறியும்.

வெளியூரிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். வடலூர், குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம். "தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வாங்க, ஜனங்க பாத்தா விசுவாசம் பெருகும்" என்பார்கள். வேனில் நாங்கள் எல்லோரும் போவோம். கம்மாபுரத்தில், நிலக்கரிச் சுரங்கத்துப் புழுதி படிந்த ஒரு பந்தலில், சாட்சி முடிந்ததும் அப்பா அத்தையை மேடைக்கு அழைத்து ஜனங்களைப் பார்த்து நிறுத்தினார். கூட்டம் முடிந்து பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கையைத் தொட்டார்கள், தலைமுடியைத் தொட்டார்கள்.

"இந்தப் பொண்ணுதானா? இம்மாம் ஒல்லியா இருக்கே, தண்ணி எப்பிடிம்மா விட்டுச்சு?" என்றாள் ஒருத்தி.

"தண்ணிக்குப் புடிக்கலக்கா" என்றாள் அத்தை.

அந்த அக்கா அதற்கும் "தோத்திரம்" என்றாள். திரும்பி வரும்போது வேனில் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அப்பா முன் சீட்டிலிருந்து, "நல்ல கூட்டம், இல்ல?" என்றார். டிரைவர்தான் பதில் சொன்னார்.

அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். அந்த வருஷம் நான், முதல் திருவிருந்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் திடப்படுத்தல் வகுப்பில் இருந்தேன். தன்னைத்தானே சோதித்துப் பார்க்காமல் திருவிருந்தின் அப்பத்துக்கும் ரசத்துக்கும் கை நீட்டக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். படுப்பதற்கு முன் அன்றைய நாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: யாரை வருத்தினேன், எதை மறைத்தேன், எதைக் கூட்டிச் சொன்னேன். நாங்கள் அதை மிகவும் உற்சாகமாகச் செய்தோம். நான் டீச்சரம்மாவைச் சோதித்தேன், பக்கத்து வீட்டைச் சோதித்தேன், வகுப்பில் என்னை அடிக்கடி கிள்ளுகிறவளின் ஆத்துமாவை மிக ஆழமாகச் சோதித்தேன். ஊரிலேயே குற்றமில்லாதவளாக மிஞ்சியது நான் ஒருத்திதான்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. அது முடிந்து வீட்டுக்கு வந்ததும், சோற்றில் கை வைப்பதற்கு முன்னால், வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். மனஸ்தாபத்தோடு யாரும் கர்த்தருடைய பந்திக்குப் போகக் கூடாது. உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். "தெரிஞ்சும் தெரியாமலும் தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்க." "கர்த்தர் மன்னிப்பாரு, நானும் மன்னிச்சேன்." பல் தேய்ப்பது போல முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். குழம்பு ஆறுவதற்குள் எல்லாப் பாவமும் போய்விடும்.

கம்மாபுரம் போய் வந்த அடுத்த வாரமே அப்படி ஒரு சனிக்கிழமை வந்தது. அப்பா அம்மாவிடம் கேட்டார், அம்மா மன்னித்தாள். என்னிடம் கேட்டார், நானும் பெரிய மனசோடு மன்னித்தேன். அப்புறம் அத்தை பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சும் தெரியாமலும் தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்கம்மா."

அத்தை தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, உன்னத்தான் கேக்குறேன்."

"கேட்டுச்சுண்ணே. என்னா தப்புன்னு சொல்லு."

"என்னா தப்பா? எதுவா இருந்தாலும்தான்."

"எதுவா இருந்தாலும்னா நான் எதைன்னு மன்னிக்கிறது? கடக்காரன்கிட்ட போயி எதுவா இருந்தாலும் ஒரு கிலோ போடுன்னா போடுவானா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பாவுக்கு முகம் சிவந்தது.

"உனக்கு என்னா கொற வெச்சேன்? வந்த நாளா ஒரு சொல்லு சொல்லியிருப்பேனா?"

"என்கிட்ட ஒரு சொல்லும் சொல்லலண்ணே. ஊரு ஊராப் போயி சொன்ன."

"அது கர்த்தருடைய மகிமைக்கு."

"சரி. அன்னைக்குக் காலையில நான் எங்க இருந்தேன்? சொல்லு பாப்போம்."

அப்பா வாயைத் திறந்தார். "எங்கன்னா... வீட்டுல. தண்ணியில."

"நான் கறிக்கடையில இருந்தேன்."

அத்தை குரலை உயர்த்தவில்லை. மீன்காரியிடம் விலை கேட்பது போலத்தான் பேசினாள்.

"கிறிஸ்மஸ் அன்னைக்கு அவரு கடல்ல இருந்தாரு. ராத்திரிதான் கரைக்கு வந்தாரு. நான் ஒண்ணும் சமைக்கல, இங்கயும் யாரும் கூப்புடல. சும்மா படுத்திருந்தேன். காலையில எழுந்ததும், 'உன் பண்டிகை என்னால போச்சு, அதுக்கென்னா, இன்னைக்கு வெச்சுக்குவோம். டவுனுக்குப் போயி நல்ல கறியா வாங்கியா, நான் வலையப் பாக்குறேன்'னாரு. வேணாங்க, மீனு இருக்குன்னேன். 'பண்டிகைக்கு எவனாவது மீனு திம்பானா'ன்னு கூடைய எடுத்து என் கையில அவரே குடுத்தாரு. பாய் கறிய மடிச்சுக் குடுக்கும்போது ஜனங்க ஓடியாந்துச்சு. நான் பட்டினத்துப் பக்கம் ஓடுனேன். பாய்தான் கையப் புடிச்சு இழுத்து, வண்டியில ஏத்திக்கிட்டு வந்து இங்க உட்டாரு."

அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அந்தக் கூடையை வாங்கியவள் அவள். கறியைப் புதைத்தவள் அவள். அவளும் கேட்டதில்லை.

"அவரு அனுப்புனதாலதான் நான் இருக்கேன்" என்றாள் அத்தை. "அவரைக் கடல் ஏன் எடுத்துக்கிச்சுன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்ற."

"இதை ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

அத்தை தொடர்ந்தாள். "மன்னிக்க மாட்டேன்னு சொல்லலண்ணே. இன்னும் முடியல, அதைத்தான் சொல்றேன். வாயால மன்னிச்சேன்னு சொல்லிட்டு நாளைக்கு அங்க போயி கை நீட்ட எனக்கு பயமா இருக்கு."

அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்பா சாப்பிட்டார். இரண்டாம் தடவை குழம்பும் வாங்கினார். கோபம் வந்தால் அவருக்குப் பசி அதிகம்.

மறுநாள் திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து முன்னால் போனார்கள். அப்பா போனார், புது ஷூ கிறீச்சிட. அம்மா போனாள். அத்தை கால்களை ஒடுக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வழி விட்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் எங்கள் ஐயர், அதாவது போதகர், கை குலுக்கும்போது அத்தை அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர், "சரிம்மா. முடியறப்ப வா. எடம் எங்கயும் போயிடாது" என்றார். மாதர் சங்கத்தில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். புருஷன் போன துக்கத்தில் மனசு கல்லாகிவிட்டது, பழைய வழிக்கே போய்விடுவாள், பாவம், எவ்வளவு பெரிய அற்புதத்தைப் பார்த்தவள். இவர்களில் அநேகம் பேர் நல்லவர்கள். எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்கள். ஆனால் அந்தச் சபையில் அந்த ஞாயிற்றுக்கிழமை தன்னை உண்மையாகச் சோதித்துப் பார்த்த ஒருத்தி உண்டென்றால், அவள் எழுந்து போகாத ஒருத்திதான் என்று இன்று நான் உறுதியாகச் சொல்வேன். அன்று எனக்கும் அவள் மேல் கோபம்தான். எங்கள் கதையை அவள் கெடுத்துவிட்டாள்.

அந்த மாதத்திலேயே அத்தை சிதம்பரம் போய்விட்டாள். அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம், பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. அப்பா தடுக்கவில்லை. "போவணும்னா போவட்டும்" என்றார். பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டது அம்மாவும் நானும். அத்தை ஏறும்போது என் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா படி" என்றாள், அவ்வளவுதான். வீட்டில் மீன் குழம்பு குறைந்தது.

அப்பா அந்தக் கோடையில் விசித்திரமாக இருந்தார். சாட்சி வேளையில் எழுந்திருக்கவில்லை. தையல்கார மாமாவின் மூலச் சாட்சி நீண்டுகொண்டே போனது. ஒருநாள் சமையலறை வாசலில் நின்று அம்மாவைக் கேட்டார்: "அந்தக் கறிக்கட எதுன்னு உனக்குத் தெரியுமா?" அம்மா, "கேட்டாத்தான தெரியும்" என்றாள். இன்னொரு நாள், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "அவ சேல நனைஞ்சிருந்துச்சா?" என்றார். "இல்ல." "உனக்கு நல்லா ஞாபகம் இருக்கா?" "நான்தான மாத்துச் சேல குடுத்தேன். மாத்தவே இல்ல, அதான் ஞாபகம்." அப்பா கடைசிப் பொத்தானைத் தப்பான துளையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்.

மே மாதம் சேத்தியாத்தோப்பில் ஒரு உபவாசக் கூட்டம். பல மாதங்களுக்கு முன்பே ஒத்துக்கொண்டது. அத்தை இல்லை, அம்மா வர மறுத்துவிட்டாள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். வெள்ளாற்றில் தண்ணீர் இல்லை. வெறும் மணல் வெயிலில் கண்ணைக் குத்தியது. தென்னங்கீற்றுப் பந்தல், ஈர மண்ணில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், உபவாசம் என்பதால் காற்றில் சோற்று வாசனை இல்லாத ஒரு கூட்டம். அப்பாவை அறிமுகம் செய்தவர், "கழுத்தளவு தண்ணியில நீந்திப் போயி" என்றார். எங்களுக்கு முன்பே தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்து, இன்னும் ஏறியிருந்தது.

அப்பா மைக்கை வாங்கினார். வாயோடு ஒட்டவில்லை. அதனால் அது கத்தவில்லை.

"அன்னைக்கு ஞாயித்துக்கெழம. நான் கர்த்தருடைய ஆலயத்துல இருந்தேன்." நிறுத்தினார். "இடுப்பளவு..." மறுபடியும் நிறுத்தினார். முன் வரிசையில் ஒரு குழந்தை அழுதது. அதன் தாய் அதை மடியில் போட்டுத் தட்டினாள். அப்பா அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றார். "நான் அங்க இல்ல. நான் போயி சேரும்போது தண்ணி வடிஞ்சிருச்சு. சேறுதான் இருந்துச்சு. என் தங்கச்சிய நான் காப்பாத்தல. அவ புருஷன் காப்பாத்துனாரு. அவரு சபைக்கு வராதவரு. நான் வீட்டுக்குக் கூப்புடாதவரு."

மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் ஆமென் சொல்லவில்லை. எங்கே சொல்வது என்று தெரியவில்லை. கூட்டம் நடத்தியவர் ஓடிவந்து, "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல போல. வெயில் ஜாஸ்தி. ஒரு பாட்டு பாடுவோம்" என்றார். அப்பா கையில் யாரோ சோடாவைத் திணித்தார்கள். உபவாசத்தில் சோடா குடிக்கலாமா என்று பின்னால் இரண்டு பேர் வாதாடினார்கள். எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. எங்கள் அப்பா மேடையில் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். இன்று, எதையாவது எழுதிவிட்டு, படுப்பதற்கு முன் அதைத் திருப்பிப் பார்க்கிறேன். தண்ணீரை எங்கே ஏற்றியிருக்கிறேன் என்று தேடி ஒரு வரியை அடிக்கிறேன். அடிக்கும்போது அந்தப் பந்தலில்தான் நிற்கிறேன். இதைவிடப் பெரிய சாட்சியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

ரோட்டுக்கு வந்ததும் கடலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறப் போனேன்.

"அது இல்ல. அதோ சிதம்பரம் வண்டி, ஏறு."

விடுதி மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கோடை விடுமுறை, பெண்கள் யாரும் இல்லை. அத்தை பின்கட்டில் பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சாம்பல் கையோடு எழுந்தாள்.

"வீட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லாருக்காங்க."

"சாப்டீங்களா?"

"உபவாசம்" என்றேன் நான், சோகமாக.

"எல்லாம் போதும், உக்காரு" என்று காலையில் மிஞ்சிய இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் எடுத்து வைத்தாள். ஆறிப்போன கொத்சு. அதன் புளிப்பு இன்னும் என் நாக்கின் ஓரத்தில் இருக்கிறது. அப்பா சாப்பிடவில்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் கிடந்த குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார். போர்மேன் உடம்புக்கு அது போதவில்லை. முழங்கால் மார்புக்கு வந்தது.

"மாப்ளைய நான்தான் பாத்தேன்" என்றார். "ஒன்ன பாக்க விடல. வேணாம்னுட்டேன். எப்பிடி இருந்தாருன்னு உன்கிட்ட சொன்னதே இல்ல."

அத்தை தண்ணீர்க் குழாயை மூடினாள். "சொல்லு."

"பள்ளிக்கூடத்து வராண்டாவுல வரிசையா போட்டிருந்தாங்க. மொத தடவ தாண்டிப் போயிட்டேன். அரைஞாண் கயித்துல வீட்டுச் சாவி கட்டியிருந்துச்சு, அதப் பாத்துத்தான் திரும்பி வந்தேன். மூக்குல, காதுல எல்லாம் மண்ணு. என் துண்ட நனைச்சு தொடச்சேன். சட்டையக் கழட்டிப் போத்துனேன். அப்ப எனக்கு ஜெபம் வரல பாப்பா. 'மாப்ள'ன்னு கூப்புட்டேன். அவரு இருந்தவரைக்கும் நான் அப்பிடிக் கூப்புட்டதே இல்ல. அன்னைக்குத்தான் கூப்புட்டேன். அந்த மனுசனத்தான் ஊரு ஊராப் போயி கடல் எடுத்துக்கிச்சு, கடல் எடுத்துக்கிச்சுன்னு சொன்னேன். ஒன்ன மேடையில ஏத்தி நிறுத்துனேன். நீ எங்க இருந்தன்னு ஒரு வார்த்த கேக்கல. இதெல்லாம் தெரியாம பண்ணல. தெரிஞ்சுதான் பண்ணேன். ஜனங்க ஐயோன்னு சொல்றது எனக்கு நல்லா இருந்துச்சு."

அத்தை அழுதாள். சபையில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தபோது அழாதவள். சத்தமாக, மூக்கைச் சாம்பல் கையால் துடைத்துக்கொண்டு அழுதாள். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள், "தண்ணியில நனைச்சா தொடச்ச?" என்றாள். "ஆமாம்மா." "நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" "நல்ல தண்ணிதான். கொடத்துல வெச்சிருந்தாங்க." அத்தை தலையை ஆட்டினாள். அது அவளுக்கு முக்கியமாக இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் எங்களை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். வழியில் எனக்கு ஒரு கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தாள். அண்ணனும் தங்கையும் அதிகம் பேசவில்லை. விடுதியில் அரிசி நன்றாக இருக்கிறதா, குழாயில் தண்ணீர் எத்தனை நேரம் வரும், இப்படி. கடலூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நான் ஏறி ஜன்னலோரம் பிடித்தேன். அப்பா படியில் ஒரு காலை வைத்தவர் இறங்கிவிட்டார். கண்டக்டர், "ஏறுய்யா பெரியவரே, வேண்டுதலா?" என்று கத்தினார்.

அப்பா தங்கச்சியைப் பார்த்துக் கேட்டார், "இன்னும் என் மேல கோவம் இருக்கா?"

அத்தை தனக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள் போல ஒரு கணம் நின்றாள்.

"கொஞ்சம் இருக்குண்ணே" என்றாள். "அடுத்த வாரமும் வா."